எஸ்10-72: ஒட்டுவது எளிது, பிரிப்பது கஷ்டம்

பெயரோடு எண்ணைச் சேர்ப்பது சி மொழியில் ஒரு வரி வேலை. அதைத் திரும்பப் பிரிக்கும்போது அலட்சியமாக இருந்தால், பாட்டி சைடு அப்பரில் ஏற வேண்டியிருக்கும்.

ரயில் பயணம் செய்த எவருக்கும் எஸ்10-72 என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஸ்லீப்பர் வகுப்பு, பத்தாவது பெட்டி, 72-வது பெர்த். பார்த்த மாத்திரத்தில் கண் அதை மூன்றாகப் பிரித்துவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அந்த வசதி இல்லை. அதைப் பொறுத்தவரை இது வரிசையாக நிற்கும் ஆறு குறிகள்: எஸ், ஒன்று, பூஜ்யம், ஹைஃபன், ஏழு, இரண்டு. 10 என்பது ஒரு எண் என்பதோ, 72 அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு எண் என்பதோ யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

மாறாத ஒரு சொல், அதன் பின்னால் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண். இப்படிப்பட்ட பெயர்கள் எங்கும் இருக்கின்றன. கேமரா எடுக்கும் படங்களின் ஃபைல் பெயர்கள், வண்டிகளின் நம்பர் பிளேட்டுகள், ஆஸ்பத்திரி ரத்த மாதிரிக் குப்பிகளின் லேபிள்கள் எல்லாம் இந்த ரகம்தான். இவற்றைக் கட்டவும் பிரிக்கவும் இன்னும் ஏராளமான இடங்களில் பயன்படுவது சி மொழி. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிச்சி 1972-ஐ ஒட்டி உருவாக்கியது. அதில் ஸ்ட்ரிங் என்று தனியாக ஒரு வகையே கிடையாது. பைட்டுகள் வரிசையாக நிற்கும்; கடைசியில் மதிப்பு பூஜ்யமான ஒரு பைட் முற்றுப்புள்ளிபோல நிற்கும். இடம் எவ்வளவு, எங்கே முடிகிறது என்பதெல்லாம் புரோகிராமரின் பொறுப்பு. சங்கடங்கள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஓர் உதாரணம். மும்பை மாதுங்காவிலிருந்து 200 பேர் காசி யாத்திரை போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். எஸ்10, எஸ்11, எஸ்12 என்று மூன்று பெட்டிகளில் இடம். பழைய ஐசிஎஃப் ரகப் பெட்டி. ஒவ்வொன்றிலும் 72 பெர்த். குழுவில் ஒருவருடைய பேத்தி கல்லூரியில் சி படிக்கிறாள். ஒவ்வொருவருக்கும் பெயர், பெர்த், அது லோயரா அப்பரா என்ற விவரத்தோடு ஒரு சீட்டு அச்சடிக்க அவள் புரோகிராம் எழுதுகிறாள்.

லோயரா அப்பரா என்று கண்டுபிடிப்பது சுலபம். பெர்த் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். மீதி 1 அல்லது 4 என்றால் லோயர். 2 அல்லது 5 மிடில். 3 அல்லது 6 அப்பர். 7 என்றால் சைடு லோயர். மீதி பூஜ்யம் என்றால் சைடு அப்பர். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் தவறுகள் பல இங்கேதான் வந்து சேர்கின்றன.

வேரியபிளுக்குப் பெயர் கட்ட முடியாது

சி படிக்கத் தொடங்கும் பலருக்கும் வரும் முதல் ஆசை இது: எஸ்1, எஸ்2, எஸ்3 என்று வேரியபிள்களை வைத்துக்கொண்டு, லூப்புக்குள் எஸ் என்ற எழுத்தோடு எண்ணை ஒட்டி அந்தந்த வேரியபிளைப் பிடித்துவிடலாம் என்பது. நடக்காது. வேரியபிள் பெயர்கள் புரோகிராமரின் வசதிக்காக இருப்பவை. கம்பைல் ஆன பிறகு ஓடும் புரோகிராமுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அந்த வேலைக்கு அர்ரே இருக்கிறது. ஒட்டிக் கட்டும் பெயர்கள் புரோகிராமுக்கு வெளியே போகிறவற்றுக்குத்தான் தேவை: ஒரு ஃபைல், ஒரு லேபிள், ஒரு சீட்டு. வெளியே போன பெயரை வேறு யாரோ படிக்கப்போகிறார்கள் என்பதால்தான் கவனம் தேவைப்படுகிறது.

பெயரைக் கட்டும் வேலையைச் செய்வது எஸ்பிரிண்ட்எஃப். திரைக்குப் போகவேண்டியதை ஒரு அர்ரேக்குள் எழுதும் பிரிண்ட்எஃப் என்று அதைச் சொல்லலாம். எஸ் என்ற எழுத்து, பெட்டி எண்ணுக்காக ஒரு சதவீதக் குறியும் டி எழுத்தும், ஹைஃபன், பெர்த்துக்காக மறுபடி சதவீதக் குறியும் டியும். ஒரே வரி.

நடுவில் அந்த ஹைஃபன் எதற்கு? இடத்தை மிச்சப்படுத்த அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். எஸ்1 பெட்டியில் 12-வது பெர்த் எஸ்112 ஆகிறது. எஸ்11 பெட்டியில் 2-வது பெர்த்தும் எஸ்112 ஆகிறது. இரண்டு பேருக்கு ஒரே சீட்டு. எப்பேர்ப்பட்ட புரோகிராமராலும் இதைத் திரும்பப் பிரிக்க முடியாது. தகவல் கட்டும்போதே தொலைந்துவிட்டது. எண்ணுக்குள் வரவே முடியாத ஒரு குறியை நடுவில் நிறுத்துவது அழகுக்காக அல்ல.

எவ்வளவு இடம் வேண்டும்?

பேத்தி வீட்டில் எஸ்1-72 என்ற பெயரை வைத்துச் சோதிக்கிறாள். ஐந்து குறிகள், முடிவுக்கு ஒரு பூஜ்ய பைட்; ஆக ஆறு. ஆறு பைட்டில் ஓர் அர்ரே போடுகிறாள். எஸ்9 வரை எல்லாம் சரியாக வருகிறது. எஸ்10-72 வந்ததும் ஏழு பைட் தேவைப்படுகிறது. எஸ்பிரிண்ட்எஃப் இடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஏழாவது பைட்டைப் பக்கத்தில் இருக்கும் எதன் மீதோ எழுதிவிட்டுப் போய்விடும். அது பயணிகளின் எண்ணிக்கையாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். சில சமயம் ஒன்றுமே ஆகாது. அதுதான் ஆபத்து. அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம் இன்னொருவரிடம் போய்ப் படுத்துவிடும்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு 1988-ஐ நினைவூட்டலாம். அந்த ஆண்டு நவம்பர் 2-ந் தேதி அமெரிக்காவில் ராபர்ட் டப்பன் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் வெளியே விட்ட ஒரு புரோகிராம் இன்டர்நெட்டில் இருந்த ஆயிரக்கணக்கான மெஷின்களைத் திணறடித்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சேவை ஒரு பெயரைப் படிக்கும் இடம். வரும் வரிக்காக 512 பைட் ஒதுக்கியிருந்தார்கள். படிக்கும் வேலையை, அளவே பார்க்காத கெட்ஸ் என்ற ஃபங்ஷனிடம் விட்டிருந்தார்கள். மோரிஸின் புரோகிராம் 536 பைட் அனுப்பியது. கூடுதலாக வழிந்த 24 பைட் மெஷினின் கட்டுப்பாட்டைக் கைமாற்றப் போதுமானதாக இருந்தது. கெட்ஸ் சி மொழியின் ஸ்டாண்டர்டிலிருந்து நீக்கப்பட்டது 2011-இல். அதாவது 23 ஆண்டுகள் கழித்து.

சரியான அளவைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 32 பிட் இன்ட் வகையில் மிக நீளமானது மைனஸ் 2147483648. குறியோடு சேர்த்து 11 இடம். எஸ் ஒன்று, எண் 11, ஹைஃபன் ஒன்று, எண் 11, முடிவு பைட் ஒன்று. மொத்தம் 25. பெர்த் எண் 72-ஐத் தாண்டாது என்று தெரிந்தாலும் 25 ஒதுக்குவதுதான் விவேகம். தப்பான எண் ஒன்று எங்கிருந்தாவது வந்து சேரும். இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் புழங்கிய டர்போ சியில் இன்ட் 16 பிட்தான். மைனஸ் 32768-க்கு ஆறு இடம் போதும். அந்தக் கணக்கில் எழுதிய பழைய புரோகிராம்களைப் புதிய கம்பைலரில் போடுகிறவர்கள் அர்ரேக்களின் அளவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

1999-இன் ஸ்டாண்டர்ட் எஸ்என்பிரிண்ட்எஃப் என்ற ஃபங்ஷனைச் சேர்த்தது. எவ்வளவு இடம் இருக்கிறது என்று அதனிடம் சொல்லலாம். அதற்கு மேல் எழுதாது. பிரச்னை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் தீர்ந்தது. ஆறு பைட் இடத்தில் எஸ்10-72-ஐ எழுதச் சொன்னால் அது எஸ்10-7 என்று எழுதி முடித்துவிடும். இது உடைந்த பெயர் அல்ல. முழுமையான, வேறொருவருடைய பெர்த். 72 சைடு அப்பர். 7 சைடு லோயர். மெமரி பத்திரமாக இருக்கிறது. நள்ளிரவில் ஒரே பெர்த்துக்கு இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள்.

இதற்கும் வழி இருக்கிறது. முழுவதையும் எழுத எத்தனை குறிகள் தேவைப்பட்டிருக்கும் என்பதை எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பிச் சொல்கிறது. இங்கே ஆறு. அந்த எண் ஒதுக்கிய இடத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் பெயர் வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது அந்தப் பெயரைப் பயன்படுத்தாமல் நிறுத்த வேண்டும். இந்தப் பதிலைக் கேட்காதவர்களே அதிகம்.

எஸ்டிஆர்என்காப்பியும் இதற்கு மருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். அது பழைய யூனிக்ஸில் ஃபைல் பெயருக்கென இருந்த 14 பைட் கட்டத்தை நிரப்புவதற்காகப் பிறந்தது. இடம் சரியாக நிறைந்துவிட்டால் முடிவு பைட்டையே வைக்காது. அந்தக் கட்டத்துக்கு அது தேவையில்லை. மற்ற எல்லா இடத்திலும் தேவை.

ஒன்பதாவது பெர்த்தின் கதை

சீட்டுகளை வரிசைப்படுத்தும்போது அடுத்த தலைவலி. ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும் ஃபங்ஷன் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது, எண்ணாகப் பார்ப்பதில்லை. 1, 10, 11 என்று தொடங்கி 19 வரை போய், பிறகுதான் 2 வருகிறது. வழக்கமான தீர்வு, முன்னால் பூஜ்யம் சேர்ப்பது. சதவீதக் குறிக்கும் டிக்கும் நடுவில் 02 என்று எழுதினால் 7 என்பது 07 ஆகிவிடும். வரிசை சரியாகிவிடும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று இலக்கம் என்று முடிவு செய்தால் 1000 வந்ததும் அது 100-க்கும் 101-க்கும் நடுவில் போய் உட்காரும். நம்பர் பிளேட்டில் 9999 முடிந்ததும் எழுத்து மாறுவதுபோல, எண் தீர்ந்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

பூஜ்யம் சேர்த்த பெயரைப் படிக்கும்போது ஒரு குழி காத்திருக்கிறது. பேத்தி எஸ்ஸ்கேன்எஃப் ஃபங்ஷனில் டிக்குப் பதிலாக ஐ எழுத்தைப் போடுகிறாள். இன்டிஜர் என்பதன் முதல் எழுத்துதானே! ஆனால் ஐ போட்டால், பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டின் அடிமான எண்ணாகப் படி என்று பொருள். 01 முதல் 07 வரை வித்தியாசம் தெரியாது. எட்டின் அடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. ஆகவே 08-உம் 09-உம் பூஜ்யத்தோடு நின்றுவிடும். மிச்சமிருக்கும் இலக்கத்தை யாரும் கவனிப்பதில்லை.

08 பூஜ்யமானால் மீதி பூஜ்யம், சைடு அப்பர். எட்டாவது பெர்த் நிஜமாகவே சைடு அப்பர்தான். தவறு செய்தும் விடை சரி. 09 பூஜ்யமானாலும் சைடு அப்பர். ஆனால் ஒன்பதாவது பெர்த் லோயர். 10-லிருந்து முன்னால் பூஜ்யம் இல்லை, எல்லாம் ஒழுங்கு. ஆக 72 பெர்த்தில் ஒன்றே ஒன்று தப்பு. மூன்று பெட்டியில் மூன்று பேர். பத்துப் பதினைந்து சீட்டை எடுத்துச் சரிபார்த்தால் அகப்படாது. மூட்டு வலிக்காக லோயர் கேட்டு வாங்கிய மூன்று பாட்டிகளுக்குத்தான் அது தெரியவரும்.

பிரிக்கும் வேலையில் இன்னும் சில பழைய எதிரிகள் உண்டு. சதவீதக் குறியோடு எஸ் போட்டுப் பெயரையும் அடுத்து டி போட்டு எண்ணையும் படிக்கலாம் என்று நினைத்தால், அந்த எஸ் இடைவெளி வரும்வரை எண்ணையும் சேர்த்து விழுங்கிவிடும். டிக்கு எதுவும் மிஞ்சாது. எஸ்டிஆர்டாக் ஹைஃபனில் வெட்டித் தரும். ஆனால் வெட்டுகிற இடத்தில் ஹைஃபனை அழித்துப் பூஜ்ய பைட்டை வைத்துவிடும். பிறகு அசல் பெயரை அச்சடிக்கப் போனால் எஸ்10 மட்டுமே வரும். வெட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஏடூஐ. எழுத்தை எண்ணாக்கும் இந்தக் குட்டி ஃபங்ஷனுக்குத் தோல்வி என்று ஒன்றைச் சொல்லவே தெரியாது. எண்ணே இல்லாத எதைக் கொடுத்தாலும் பூஜ்யம் என்கிறது. அந்தப் பூஜ்யம் உண்மையா, தோல்வியா? தெரியாது. பெர்த் எண் விடுபட்ட ஒவ்வொரு பயணியும் சைடு அப்பர். பட்டியலை டைப் செய்தவர் எஸ்10-இல் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தை அடித்திருந்தால் இன்னும் விசேஷம். ஏடூஐ ஒன்றைப் படித்து ஓவில் நின்றுவிடும். பயணி எஸ்1 பெட்டிக்குப் போகிறார், ஒன்பது பெட்டி தள்ளி.

இதற்கு மாற்று எஸ்டிஆர்டால். அது எண்ணோடு சேர்த்து, எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தியது என்பதையும் சொல்கிறது. எந்த அடிமானம் என்பதையும் கேட்டுக்கொள்கிறது. அங்கே 10 என்று எழுதினால் 09 ஒன்பதாகவே வரும். பெட்டி எண் முடிந்த இடத்தில் ஹைஃபன் நிற்கிறதா? ஓ எழுத்து நின்றால் பெயர் தப்பு. பெர்த் எண் முடிந்த இடத்தில் முடிவு பைட் நிற்கிறதா? வேறு எதுவும் நின்றால் தப்பு. ஒரு இலக்கத்தைக்கூடப் படிக்காமலே நின்றுவிட்டதா? தப்பு. கடைசியாக, எண் 1-க்கும் 72-க்கும் நடுவில் இருக்கிறதா? எல்எச்பி ரக ஸ்லீப்பர் பெட்டியில் 80 பெர்த் என்பதால், அந்த 72-ஐ அடித்து வைக்காமல் பெட்டிக்கு ஏற்ப மாற்றும்படி வைப்பது நல்லது.

மூன்று மீனாட்சிகள்

குழுவில் மூன்று மீனாட்சிகள் இருக்கிறார்கள். குழப்பம் வராமலிருக்க மீனாட்சி-1, மீனாட்சி-2, மீனாட்சி-3 என்று பெயர் கட்டுகிறாள் பேத்தி. நாலெழுத்துப் பெயர், 20 பைட் தாராளம் என்பது அவள் கணக்கு. இன்று பரவலாகப் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். மீனாட்சியில் எட்டுக் குறிகள் இருக்கின்றன. 24 பைட். எண் வருவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிட்டது.

எஸ்என்பிரிண்ட்எஃப் 19 பைட் எழுதிவிட்டு நிறுத்தும். ஆறு குறிகள் முழுசாக, ஏழாவதில் மூன்றில் ஒரு பங்கு. சீட்டில் மீனாட் என்று அச்சாகி, பக்கத்தில் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ விழும். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி. எதற்காக எண் சேர்த்தாளோ அந்த எண்ணே வெட்டுப்பட்டுவிட்டது. எஸ்டிஆர்லென் தருவது எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, பைட்டுகளின் எண்ணிக்கை என்பது ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்துப் பார்க்கிறவர்களுக்குத் தெரியவே வராது. சேர்க்கும் எண்ணைப் பெயருக்கு முன்னால் வைப்பது ஒரு சுலபமான பாதுகாப்பு. வெட்டுப்பட்டாலும் மூவரும் வேறுவேறாக இருப்பார்கள்.

இவ்வளவு குழிகளையும் ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமா? தேவையில்லை. ஒரே ஒரு பழக்கம் போதும்: கட்டிய எல்லாப் பெயர்களையும் பிரித்துப் பார்ப்பது. 12 பெட்டி, 72 பெர்த். மொத்தம் 864 பெயர்கள். ஒவ்வொன்றையும் கட்டி, உடனே பிரித்து, போட்ட எண்ணே திரும்ப வருகிறதா என்று பார்க்கும் லூப் பத்துப் பன்னிரண்டு வரிதான். கண் சிமிட்டும் நேரத்தில் ஓடி முடிந்துவிடும். ஆறு பைட் அர்ரேயில் எஸ்என்பிரிண்ட்எஃப் வெட்டிய எஸ்10-72 அகப்படும். ஒன்பதாவது பெர்த் அகப்படும். பிறகு தப்பான பெயர்கள் ஒரு டஜன்: ஓ எழுத்துள்ள எஸ்10, பெர்த் இல்லாதது, 73-வது பெர்த், இரண்டு ஹைஃபன் உள்ளது. இவை எல்லாவற்றையும் புரோகிராம் ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

புரியாத பெயரைப் பார்த்தால் தெரியவில்லை என்று சொல்லும் புரோகிராம் குழுத் தலைவருக்குக் கொஞ்சம் எரிச்சல் தரும். அவர் டிக்கெட்டை எடுத்துப் பார்த்து, திருத்தி, இன்னொரு முறை அச்சடிக்க வேண்டியிருக்கும். இரண்டு நிமிட வேலை. தெரியாததைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும் புரோகிராம் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ரயில் கல்யாணைத் தாண்டி, விளக்கை அணைக்கும் நேரத்தில், 75 வயதுப் பாட்டி ஒருவர் கையில் சீட்டோடு சைடு அப்பரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான்.